விமானத்தை வைத்துக் கணக்கு நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கணக்கு நடத்துகிறேன். சில ஆண்டுகளாகப் பாடத்துக்குள் விமானத்தைக் கொண்டுவருகிறேன். இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்டில் நின்று பதில் சொல்வதைவிட ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட விமானத்தில் ஏறியதில்லை. அவர்களுக்கு இது எப்படிப் புரியும்?

ஏறியிருக்க வேண்டாம். வத்தையிலோ ஃபைபர் படகிலோ ஒருமுறை போயிருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

வாடைக்காற்று காலத்தில் நேர் கிழக்கே போக வேண்டிய படகின் அணியத்தை (முன்முனையை) நேர் கிழக்கே வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "தெக்க தள்ளிரும் டீச்சர்" என்று பத்துக் குரல் வரும். அப்போ அப்பா என்ன செய்வார்? "கொஞ்சம் வடக்க ஒதுக்கிப் பிடிப்பாரு." எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கணக்குப் பாடம் அந்த அமைதியில்தான் தொடங்குகிறது.

விமானி செய்வதும் அதே வேலைதான். ஒரு சிறிய விமானம் காற்றில் 100 நாட் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. வடக்கிலிருந்து 20 நாட் காற்று அடிக்கிறது. போக வேண்டியது நேர் கிழக்கு. மூக்கைக் கிழக்கே வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஒரு மணி நேரத்தில் 20 கடல் மைல் தெற்கே போய்விடும்.

எட்டாம் வகுப்புக்கு இதைச் சைன், கொசைன் எதுவும் இல்லாமல் வரைந்தே காட்டிவிடலாம். 1 செ.மீ.க்கு 10 நாட் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். அ என்ற புள்ளியிலிருந்து கிழக்கே நீளமாக ஒரு கோடு. அதே அ புள்ளியிலிருந்து தெற்கே 2 செ.மீ. இறங்கினால் ஆ. இது காற்று தள்ளுகிற தள்ளு. இப்போது காம்பஸில் 10 செ.மீ. எடுத்து, ஊசியை ஆ மேல் வைத்து, கிழக்குக் கோட்டை வெட்டுங்கள். வெட்டுகிற இடம் இ. ஆவிலிருந்து இவுக்குப் போகிற கோடுதான் விமானத்தின் மூக்கு பார்க்க வேண்டிய திசை. பாகைமானியை வைத்துப் பார்த்தால் கிழக்கிலிருந்து வடக்கே பதினொன்றரை டிகிரி. அ புள்ளியிலிருந்து இ புள்ளி வரை அளந்தால் 9.8 செ.மீ. அப்படியென்றால் தரையைப் பொறுத்து வேகம் 98 நாட். பிதாகரஸ் தேற்றத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்: 10,000 கழித்தல் 400, அதன் வர்க்கமூலம் 98க்குப் பக்கம். ஒதுக்கிப் பிடித்ததற்குக் கொடுத்த விலை வெறும் 2 நாட்.

பிறகு அதையே படகுக்கு மாற்றுங்கள். படகு 8 நாட், தெற்கே ஓடும் நீரோட்டம் 2 நாட். இப்போது ஒதுக்கு பதினாலரை டிகிரி. விமானத்தில் காற்று 20 நாட் இருந்தும் ஒதுக்கு குறைவு, படகில் 2 நாட்டுக்கே இவ்வளவா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 100க்கு 20, 8க்கு 2. விகிதம் என்பதை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

காற்றின் திசையில் பிள்ளைகள் எப்போதும் குழம்புகிறார்களே?

நாமும்தான் குழம்புகிறோம். காற்றுக்கு அது வருகிற திசையை வைத்துப் பெயர். நீரோட்டத்துக்கு அது போகிற திசையை வைத்துப் பெயர். வடகாற்று தெற்கே தள்ளும், தென்னோட்டமும் தெற்கேதான் தள்ளும். விமான நிலையத்தில் "காற்று 040" என்று சொன்னால் 40 டிகிரியிலிருந்து வருகிறது என்று அர்த்தம் (வடக்கு 0, கிழக்கு 90 என்று எண்ணுவார்கள்).

இதைப் புரியவைக்க வெளியே எங்கும் போக வேண்டாம். வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. நம் பெயர்கள் எல்லாமே "எங்கிருந்து" என்பதைத்தான் சொல்கின்றன. கரும்பலகையில் பாகைமானி வட்டம் ஒன்று வரைந்து, 0, 90, 180, 270 என்ற இடங்களில் இந்த நான்கு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பாட்டி சொன்ன பெயரும் விமானி சொல்லும் எண்ணும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்துவிடும்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. இரண்டும் கழிந்துவிடும்தானே?

கழியாது. ஆசிரியர்களிடம் கேட்டாலே பாதிப்பேர் மாட்டிக்கொள்கிற கேள்வி இது. 120 நாட் விமானம், 120 கடல் மைல் தூரம். காற்று இல்லாத நாளில் போக ஒரு மணி, வர ஒரு மணி. 30 நாட் காற்று இருந்தால் போகும்போது வேகம் 90, நேரம் 1 மணி 20 நிமிடம். வரும்போது 150, நேரம் 48 நிமிடம். மொத்தம் 2 மணி 8 நிமிடம். அந்த எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? மெதுவான வேகத்தில் அதிக நேரம் இருந்தோம், அதனால்தான். 90க்கும் 150க்கும் கூட்டுச்சராசரி 120. ஆனால் பயணத்தின் உண்மையான சராசரி வேகம் 112.5. பெரிய வகுப்பாக இருந்தால் இசைச் சராசரி என்று பெயரும் சொல்லிவிடலாம். சின்ன வகுப்புக்கு வேண்டாம், அந்த எட்டு நிமிடமே போதும்.

எந்த வகுப்புக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

ஆறாம் வகுப்புக்கு முழுக்கள். தரையில் 30 டிகிரி வெயில், ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். எத்தனை அடியில் சுழியம்? 15,000. பெரிய ஜெட் போகிற 36,000 அடியில்? 30 கழித்தல் 72, அதாவது மைனஸ் 42. இந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு மைனஸ் 42 என்று சொல்வதிலேயே பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம். ஏழுக்கு நேர்விகிதம், எதிர்விகிதம். எட்டுக்குப் பிதாகரஸ். ஒன்பது, பத்துக்கு முக்கோணவியல். கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

ஓடுபாதையில் எழுதியிருக்கும் எண் என்ன?

ஓடுபாதை பார்க்கிற காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழுதாக்கிய எண். மதுரை விமான நிலையத்தில் ஒரு முனையில் 09, மறு முனையில் 27. கிழக்கு நோக்கி ஓடினால் 90 டிகிரி, மேற்கு நோக்கி ஓடினால் 270. சென்னையில் இரண்டு ஓடுபாதைகள்: ஒன்று 07/25, இன்னொன்று 12/30.

இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் எப்போதும் 18. ஏன் என்று முதலில் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு கேளுங்கள்: 27உடன் 18ஐக் கூட்டினால் 45 வருகிறது, அப்படி ஓர் ஓடுபாதை இல்லையே? 36ஐக் கழித்தால் 9. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும்போது கடிகாரத்தையே திரும்பத் திரும்பக் காட்டிச் சலித்துப்போனவர்களுக்கு இது நல்ல மாற்று. கடிகாரம் 12க்குச் சுற்றுகிறது, ஓடுபாதை 36க்குச் சுற்றுகிறது.

நான் செய்வது இது. மைதானத்தில் சுண்ணாம்பு போட்டு ஒரு ஓடுபாதை. செல்பேசியில் உள்ள திசைகாட்டியை வைத்துத் திசை பார்த்து, இரண்டு முனையிலும் எண் எழுதுவது பிள்ளைகள் பொறுப்பு. ஒரு குச்சியில் பழைய சேலைத் துண்டைக் கட்டிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறோம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆகவே இன்றைக்கு எந்த முனையிலிருந்து ஓட வேண்டும்? காலையில் ஒரு பதில், கடற்காற்று திரும்பிய பிறகு மத்தியானம் வேறு பதில் வரலாம்.

பத்தாம் வகுப்பாக இருந்தால் ஒரு படி மேலே போகலாம். ஓடுபாதை 07, காற்று 040இலிருந்து 20 நாட். இடையில் கோணம் 30 டிகிரி. பக்கவாட்டுக் காற்று 20 பெருக்கல் சைன் 30, அதாவது 10 நாட். எதிர்க்காற்று 20 பெருக்கல் கொசைன் 30, ஏறக்குறைய 17 நாட். காற்று ஒரு வேகத்தைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பக்கவாட்டுக் காற்றுக்கு விமானத்துக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏற்றக்கோணத்தை நடைமுறையில் எப்படிக் காட்டுவது? கருவி வாங்கப் பணம் இல்லை.

பாகைமானி ஒன்று, குளிர்பான ஸ்ட்ரா ஒன்று, நூல், வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்று. ஈயக்குண்டு இந்தக் கரையில் எந்த வீட்டிலும் இருக்கும். பாகைமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டுங்கள், நடுத்துளையில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியாகப் பார்க்கும்போது நூல் 90இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் ஏற்றக்கோணம். (சூரியன் பக்கம் ஸ்ட்ராவைத் திருப்பவே கூடாது. இதை முதல் நிமிடத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.)

முதலில் விமானத்தைக் குறிபார்க்காதீர்கள், அது நிற்காது. ராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரத்தில் தொடங்குங்கள். உயரம் 323 மீட்டர். செல்பேசி வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து, ஒரு கி.மீ. தள்ளி நின்றால் கோணம் 18 டிகிரிக்குப் பக்கம் வர வேண்டும். வராது. ஒருவனுக்கு 15, இன்னொருத்திக்கு 21. அங்கே நிறுத்தி, கோணத்தில் ஒரு டிகிரி தப்பினால் உயரத்தில் எவ்வளவு தப்பும் என்று போடச் சொல்லுங்கள். ஒரு கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 19 மீட்டர். ஐந்தாறு மாடிக் கட்டடம். அளவுப் பிழை என்ற பாடம் நம் புத்தகத்தில் தனியாக இல்லை. ஆனால் இருபது பிள்ளைகளின் விடைகளைக் கூட்டிச் சராசரி எடுத்ததும் அது உண்மை உயரத்துக்கு நெருங்கி வருவதைப் பார்த்தவர்கள், சராசரி எதற்கு என்று அப்புறம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு புத்தகக் கணக்குக்கு வாருங்கள். வழக்கமாக வருவது இது: 1500√3 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஏற்றக்கோணம் 15 நொடியில் 60லிருந்து 30 ஆகிறது, வேகம் என்ன? கிடைத்தூரம் 1,500 மீட்டர் ஆரம்பத்தில், 4,500 முடிவில். 3,000 மீட்டரை 15ஆல் வகுத்தால் நொடிக்கு 200, மணிக்கு 720 கி.மீ. ஈயக்குண்டைப் பிடித்த கைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது.

சத்தம் வருகிற இடத்தில் விமானம் இருப்பதில்லை. அதைக் கணக்காக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நல்ல வெளிச்சமான நாளில் தலைக்கு நேர்மேலே சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. வெகுதூரம் தள்ளி வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். உயரம் 36,000 அடி, அதாவது ஏறக்குறைய 11 கி.மீ. ஒலியின் வேகம் தரையருகே நொடிக்கு 340 மீட்டர். மேலே குளிரில் குறையும். சராசரியாக 320 என்று வையுங்கள். சத்தம் கீழே வந்துசேர ஏறக்குறைய 34 நொடி. விமானம் நொடிக்கு 240 மீட்டர் போகிறது. அந்த 34 நொடியில் 8 கி.மீ.க்குச் சற்று மேல் போயிருக்கும்.

இப்போது முக்கோணத்தை வரையுங்கள். செங்குத்துப் பக்கம் 11, கிடைப்பக்கம் 8.25. இரண்டையும் 2.75ஆல் வகுத்தால் 4, 3. கர்ணம் 5! நம் பழைய 3-4-5 முக்கோணம் வானத்தில் படுத்திருக்கிறது. முதல்முறை இதைப் போட்டபோது தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: 240க்கும் 320க்கும் உள்ள விகிதம் 3க்கு 4. உயரம் இதில் அடிபட்டுப் போகிறது. விமானம் 30,000 அடியில் போனாலும் 40,000 அடியில் போனாலும் அந்தக் கோணம் ஏறக்குறைய அதேதான்: சத்தம் உச்சியில் கேட்கும்போது விமானம் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். ஈயக்குண்டுக் கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் 50க்கும் 55க்கும் இடையில் ஏதோ ஒன்று கிடைத்தால் அன்றைக்கு வகுப்பு பண்டிகைதான்.

அடி, நாட், கடல் மைல் என்று ஏன் குழப்ப வேண்டும்? மீட்டரிலேயே நடத்தினால் என்ன?

குழப்பம்தான் பாடம். முதல் வருடம் நானே கரும்பலகையில் "விமானம் 36,000 மீட்டர் உயரத்தில்" என்று எழுதிவிட்டேன். ஒரு பையன் மெதுவாக எழுந்து, "அப்ப எவரெஸ்ட்டைப் போல நாலு மடங்கா டீச்சர்?" என்றான். அவனுக்கு அன்றைக்கு என் பேனாவைக் கொடுத்தேன்.

என் பிழைக்குப் போனது ஒரு பேனா. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் போனது ஒரு விமானத்தின் மொத்த எரிபொருள். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், அப்போது புதிதாக வந்திருந்த போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டியில் குச்சி விட்டு அளந்து, கணக்குப் போட்டு நிரப்பினார்கள். தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்குகிற எண். கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளை அந்தக் கணக்கை இரண்டு முறை போடச் சொல்லுங்கள். தப்பான எண்ணில் போட்டால், இன்னும் ஏறக்குறைய 4,900 லிட்டர் போதும் என்று வரும். சரியான எண்ணில் போட்டால் சுமார் 20,000 லிட்டர். நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. விமானிகளில் ஒருவர் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற இடத்தில், விமானப்படை கைவிட்ட பழைய தளத்தில், எஞ்சின் இல்லாமலே இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைத்தால் முகம் சுளிக்கிற வகுப்பில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நாட், கடல் மைல் இரண்டையும் நம் கரையில் அந்நியம் என்று சொல்லவும் முடியாது. படகு ஜிபிஎஸ்ஸில் அவைதான் ஓடுகின்றன. கடல் மைல் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கணக்கு: பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ., அதை 360ஆல் வகுத்து, மறுபடி 60ஆல் வகுத்தால் 1.852. அதாவது அட்சரேகையில் ஒரு கலை (ஒரு பாகையில், அதாவது டிகிரியில், அறுபதில் ஒரு பங்கு). ராமேசுவரம் 9 பாகை 17 கலை, சென்னை 13 பாகை 5 கலை. வித்தியாசம் 3 பாகை 48 கலை, ஆக 228 கடல் மைல் வடக்கே. பெருக்கினால் 422 கி.மீ. ஸ்கேல் இல்லாமல் தூரம் கண்டுபிடித்தாயிற்று.

திசையில் ஒரு டிகிரி தப்பினால் அவ்வளவு பெரிய விஷயமா?

விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: 60 மைல் போனால், ஒரு டிகிரி தப்புக்கு ஒரு மைல் விலகல். 60 மைல் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவை 360ஆல் வகுத்தால் 1.047 வருகிறது, அதனால்தான். வட்டவில்லின் நீளம் நடத்தும் நாளில் இதைச் சொல்லலாம். ராமேசுவரத்திலிருந்து 12 மைல் கிழக்கே போகும் படகின் திசை 5 டிகிரி தப்பினால் விலகல் ஒரு மைல். கடல் எல்லைக்குப் பக்கத்தில் அந்த ஒரு மைலுக்கு என்ன விலை என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விமானம் இறங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது?

வழக்கமான இறங்குகோணம் 3 டிகிரி. முதலில் பிள்ளைகளை ஊகித்து வரையச் சொல்லுங்கள். எல்லாரும் சறுக்குமரம் மாதிரி 30, 40 டிகிரியில் வரைவார்கள். பிறகு சரியாக வரையச் சொல்லுங்கள்: ஒரு மீட்டர் நீளக் கோட்டுக்கு 5.2 செ.மீ. உயரம். ஏறக்குறைய தட்டை. 3 டிகிரியின் டேன் மதிப்பு 0.0524. ஓடுபாதைக்கு 1 கி.மீ. முன்னால் விமானம் 52 மீட்டர் உயரத்தில்தான் வரும்.

இதிலிருந்தே இன்னொரு மனக்கணக்கு. உயரத்தை ஆயிரம் அடியில் சொல்லி மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்று தெரியும். 36,000 அடி என்றால் 108 கடல் மைல், சுமார் 200 கி.மீ. அந்த உயரத்தில் மதுரைக்கு வடக்கிலிருந்து வருகிற விமானம் திருச்சியைத் தாண்டும் முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். துல்லியமாகப் போட்டால் 113 வருகிறது. தோராயத்துக்கும் துல்லியத்துக்கும் இடையில் எவ்வளவு சதவீதம் வித்தியாசம் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

காகித விமானம் விளையாட்டுதானே?

அளக்காதவரை விளையாட்டு. நாடா ஒன்றை எடுத்துக்கொண்டால் ஏழாம், எட்டாம் வகுப்புப் புள்ளியியல் முழுவதும் அதில் இருக்கிறது. ஒருத்தி ஐந்து முறை எறிந்தது 4, 5, 5, 6, 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச்சராசரி 7. ஆனால் ஐந்தில் நான்கு முறை 7ஐத் தொடவே இல்லை. இடைநிலை அளவு 5. போட்டியில் எதை எடுப்பது என்று சண்டை வரும். வரட்டும். அந்த 15 மீட்டர் எறிந்தபோது ஜன்னல் வழியாகக் காற்று வந்தது என்று எதிரணி வாதாடும். அதுவும் நல்ல கணிதம்தான்.

சறுக்கு விகிதமும் பார்க்கலாம்: ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டு 6 மீட்டர் போனால் 4க்கு 1.

நம் ஊருக்கான இரண்டு எச்சரிக்கை. திறந்த மைதானத்தில் செய்யாதீர்கள், கடற்காற்று முடிவை எழுதிவிடும். வராந்தா நல்லது. இன்னொன்று, காகிதம் உப்புக்காற்றில் நமத்துப்போகும். முந்தின நாள் மடித்துவைத்த விமானம் மறுநாள் தொங்கிக்கொண்டு நிற்கும். மடித்த அன்றே எறிந்துவிடுங்கள்.

உச்சிப்புளியில் கடற்படைத் தளம் இருக்கிறதே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? ட்ரோன் விடலாமா?

ஐ.என்.எஸ். பருந்து 2009 முதல் முழுமையான கடற்படை விமான தளமாக இயங்குகிறது. அதன் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நம் தலைக்கு மேலேதான் போகின்றன. பள்ளி மைதானத்தில் நின்று கோணம் அளந்துகொள்ளுங்கள், அது போதும். வேலிப் பக்கம் கும்பலாகப் போய் நிற்பதோ, படம் எடுப்பதோ, அந்தப் பகுதியில் பட்டமும் ட்ரோனும் விடுவதோ வேண்டவே வேண்டாம். முறையாக அனுமதி கேட்டுப் போவதென்றால் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் எழுதுங்கள். பொதுவாகவே இந்தக் கரையில் வகுப்புக்காக ட்ரோன் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. எல்லைப் பகுதி, அனுமதிச் சிக்கல். அந்தப் பணத்துக்கு நூறு பாகைமானி வாங்கலாம்.

ஃபிளைட்ரேடார் போன்ற செயலிகள் உதவுமா?

உதவும், ஆனால் கடைசியில் காட்டுங்கள். வானத்தில் போகும் விமானத்தின் உயரம், வேகம், திசை மூன்றும் செயலியிலேயே வந்துவிடும். முதலிலேயே காட்டினால் கணக்குப் போட ஆளிருக்காது. பிள்ளைகள் அளந்து எழுதியபிறகு விடைத்தாள் மாதிரி திறந்து காட்டுவது என் வழக்கம். இணையம் இழுக்காத நாளில் அதுவும் இல்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடுவதும் இல்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

விமானம் வரலாம், வராமலும் போகலாம். ஏற்றக்கோணம், விகிதம், பிதாகரஸ், மட்டு எண்கணிதம் எல்லாம் வரும். வாரத்துக்கு ஒரு பீரியடுக்கு மேல் நான் இதற்கு எடுப்பதில்லை. பயிற்சிக் கணக்குகளுக்கு இது மாற்று இல்லை என்பதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேண்டும்.

எது சரிவரவில்லை?

இறக்கை ஏன் தூக்குகிறது என்று விளக்கப் போனது. மேற்பக்கக் காற்றும் கீழ்ப்பக்கக் காற்றும் ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சேர வேண்டும், அதனால் மேலே வேகம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தப்பு. அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, உண்மையில் மேற்பக்கக் காற்று முந்திப் போய்விடுகிறது. நானும் ஒரு வருடம் அதையே நடத்தி, அடுத்த வருடம் திருத்திச் சொன்னேன். இப்போது அந்தப் பகுதியை அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிட்டேன்.

கலாம் பிறந்த ஊர்ப் பக்கம். அவரைச் சொல்லாமல் எப்படி?

அதிகம் சொல்வதில்லை. பெயரைச் சொன்னதுமே பிள்ளைகள் பேச்சுப்போட்டி முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்வேன், அதுவும் ஆசிரியர்களிடம். ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் அவருக்கு ஆசிரியராக இருந்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பறவைகளைக் காட்டினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடற்கரை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பறவைகளும்.

பிள்ளைகள் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி உண்டா?

உண்டு. முதலில் சொன்ன அந்தக் காற்று முக்கோணத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், விமானத்துக்குக் காத்து மட்டும்தான். படகுக்குக் கீழ தண்ணி ஒரு பக்கம் இழுக்குது, மேல காத்து ஒரு பக்கம் தள்ளுது. அப்ப எங்கப்பா கணக்குதானே கஷ்டம்?"

கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டேன். கரும்பலகையில் மூன்றாவது அம்பு ஒன்று போட்டோம். படகு 8 நாட், நீரோட்டம் 2 நாட், இரண்டுக்கும் நீளம் தெரியும். காற்று அம்புக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. 20 நாட் காற்று படகை 20 நாட்டில் தள்ளிவிடாது, தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அப்பாவிடம் கேட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வந்து சொன்னாள்: "அது எவ்வளவு ஐஸ் ஏத்திருக்கோம்ங்கறதப் பொறுத்தும்மான்னாரு டீச்சர்."

அந்த அம்பை நீளம் எழுதாமலே விட்டுவைத்திருக்கிறோம்.